காசுக்கு வந்த கூட்டம் என்று சொல்வதற்கு முன்

பிடிக்காத கட்சிக்குக் கூட்டம் கூடினால் உடனே வாயில் வருவது "காசு கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம்" என்பதுதான். நம் ஊரில் கேட்டுப் பழகிய இந்தப் பேச்சை நான் பாங்காக்கில் வேலை பார்த்தபோதும் தினமும் கேட்டேன். அங்கே சொல்லும் தொகை 500 பாத், பாத் என்பது தாய்லாந்துப் பணம். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த ஊரில் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தாய்லாந்தின் சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டைச் சண்டையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2001இல் பிரதமரான தக்சின் சினவத்ராவின் ஆதரவாளர்கள் சிவப்பு, எதிர்ப்பாளர்கள் மஞ்சள். இவ்வளவுதான் செய்திகளில் வரும். ஏன் ஆதரித்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பது வராது.

எங்கள் கட்டடத்துக் காவலாளி அண்ணன் வடகிழக்கில் இசான் பகுதிக்காரர். நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான். பாங்காக்கில் டாக்சி ஓட்டுவது, சாரத்தில் ஏறுவது, வீட்டு வேலை செய்வது என எங்கு பார்த்தாலும் இசான் ஆட்கள். தக்சினைப் பற்றிக் கேட்டால் அந்த அண்ணன் தன் அம்மாவின் அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் பேசுவார். முன்பு என்றால் நிலத்தை அடமானம் வைத்திருக்க வேண்டும். 2001இல் வந்த திட்டத்தில் மருத்துவமனைக்குப் போனால் 30 பாத், அவ்வளவுதான். கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் என்று கடன் நிதியும் வந்தது. 1997இல் பாத் சரிந்து, வேலை போய், மூட்டையோடு ஊர் திரும்பியவர்கள் நிறைந்த கிராமங்கள் அவை. "ஓட்டுப் போட்டால் ஏதாவது நடக்கும் என்று அப்போதுதான் பார்த்தோம்" என்றார்.

அந்த ஓட்டுக்கு அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் தக்சினை இறக்கிவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2007இல் நீதிமன்றம் அவருடைய கட்சியைக் கலைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதே ஆட்கள் வேறு பெயரில் நின்று ஜெயித்தார்கள். 2008இல் அவர்களுடைய இரண்டு பிரதமர்களை நீதிமன்றம் அடுத்தடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அதில் ஒருவரின் பதவி, தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்குப் பணம் வாங்கினார் என்பதற்காகப் போனது. இசான்காரர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? எங்கள் ஓட்டு ஓட்டே இல்லையா என்றுதான். சிவப்பு அணியில் இருந்தவர்கள் பலரும் பரம ஏழைகள் அல்ல. கொஞ்சம் தலையெடுத்து, தவணையில் பிக்கப் வண்டி வாங்கியவர்கள். அவர்களுடைய கோபம் பசியால் வந்ததல்ல. தங்களை ஒரு கணக்கிலும் சேர்க்கவில்லை என்பதால் வந்தது.

இனி மஞ்சள். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த அக்கா மஞ்சள் சட்டைக்காரர். அவருக்கு ஏழைகள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. "என் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். தக்சின் குடும்பம் 7,300 கோடி பாத்துக்குப் பங்குகளைச் சிங்கப்பூருக்கு விற்றுவிட்டு ஒரு பாத்கூட வரி கட்டவில்லை" என்பார். 2006 ஜனவரியில் நடந்த, அந்தக் குடும்பத்தின் ஷின் என்ற தொலைத்தொடர்பு நிறுவன விற்பனையைத்தான் சொல்கிறார். நான் இன்னும் கனமாக நினைப்பது வேறு இரண்டு. 2003இல் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று தக்சின் அறிவித்த மூன்றே மாதத்தில் 2,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 2004 அக்டோபரில் தெற்கே தாக் பாயில் கைதான முஸ்லிம் இளைஞர்களைக் கைகளைக் கட்டி ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கினார்கள். மூச்சு முட்டி 78 பேர் செத்தார்கள். இப்படி ஒரு ஆள் 2005 தேர்தலில் 500 இடங்களில் முக்கால் பங்கை அள்ளிக்கொண்டபோது, இவரைத் தேர்தலால் அசைக்க முடியாது என்ற பயம் பலருக்கு வந்தது. 1992இல் ராணுவ ஆட்சிக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து சிறை போன சாம்லோங் ஸ்ரீமுவாங் பிறகு மஞ்சள் அணித் தலைவர்களில் ஒருவரானார். அவரையெல்லாம் மேட்டுக்குடியின் கைப்பாவை என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட முடியுமா?

பயம் நியாயமானது. அதற்கு அவர்கள் தேடிய மருந்தை என்னால் ஏற்க முடியாது. 2008இல் விமான நிலையத்தைப் பிடித்தார்கள். நாடாளுமன்றத்தில் 70 விழுக்காடு நியமன உறுப்பினர்களாக இருக்கட்டும் என்றார்கள். 2014இல் மஞ்சள் அணியின் வழிவந்தவர்கள் வாக்குச்சாவடிகளை மறித்தார்கள், அடுத்து வந்த ராணுவப் புரட்சியை வரவேற்றார்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: அடுத்தவன் ஓட்டைச் செல்லாமல் ஆக்குவது தவறு.

2008 அக்டோபர் 7 அன்று நாடாளுமன்றத்தின் முன்பு மஞ்சள் அணியினர் மீது போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியதில் ஒரு இளம்பெண் இறந்தார். அப்போதைய ராணி சிரிகித் இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார். அந்த அக்கா அதைச் சொல்லும்போது கண் கலங்கும். நம் வீட்டுப் பெண் போனாள், ராணித் தாயே வந்தாள் என்பது அவருடைய நினைவு. காவலாளி அண்ணனுக்கும் ராணி வந்த அந்த நாள் நினைவிருந்தது, வேறு மாதிரி. 2010 மார்ச்சிலிருந்து மே 19 வரை நடந்த சிவப்புப் போராட்டத்தில் 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள், ராணுவத்தினரும் இறந்தார்கள், உண்மை. ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு இருந்தவர்கள். கடைசி நாளில், அடைக்கலம் என்று நம்பிப் போன ஒரு பௌத்த ஆலயத்துக்குள் மட்டும் ஆறு பேர். "எங்கள் சாவுக்கு யார் வந்தார்கள்?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே போராட்டத்தின் தொடக்கத்தில் சிவப்பு அணியினர் வரிசையில் நின்று ஊசி குத்தித் தங்கள் ரத்தத்தைக் கொடுத்து, அதை அரசு மாளிகையின் வாசலில் ஊற்றினார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகும் எங்கள் அலுவலகத்தில் சிலர் 500 பாத் கதையைத்தான் சொன்னார்கள். இங்கேதான் எனக்குக் கவலை. ஓட்டு காசுக்குப் போனது என்று நம்பிவிட்டால் அதை ரத்து செய்ய மனசாட்சி உறுத்தாது. கூட்டம் கூலிக்கு வந்தது என்று நம்பிவிட்டால் அதன்மேல் சுட்டாலும் உறுத்தாது. எதிர்ப்பக்கத்தில், மஞ்சள் என்றாலே பணக்காரர் வீட்டு அடிமை என்று நினைத்தவர்களுக்கு மஞ்சள் கூட்டத்தில் விழுந்த குண்டும் உறுத்தவில்லை.

மக்கள் நின்ற இடத்திலேயே நிற்பதும் இல்லை. மஞ்சள் கோட்டையாக இருந்த பாங்காக் 2023 தேர்தலில் 33 தொகுதிகளில் 32ஐ ராணுவத்தை எதிர்த்த ஒரு புதிய கட்சிக்குக் கொடுத்தது. தக்சினின் கட்சியோ ராணுவ ஆதரவுக் கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. 2010இல் பிள்ளையை இழந்த சிவப்புக் குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தாக் பாய் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. 2024 அக்டோபர் 25 அன்று இருபது ஆண்டுக் காலவரம்பு முடிந்து வழக்கு செத்துப்போனது. அப்போது பிரதமராக இருந்தவர் தக்சினின் மகள்.