தபால் கட்டணம் வேறு, வரி வேறு

“அமெரிக்காவுக்கு எதை அனுப்பினாலும் இனி அஞ்சல் துறை இரண்டு மடங்கு வசூலிக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. செலவு ஏறியது உண்மை. ஏற்றியது நம் அஞ்சல் துறை அல்ல.

800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அந்த வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் இங்கே அமெரிக்கப் பார்சல் முன்பதிவு நின்று, அக்டோபர் 15-இல் திரும்பத் தொடங்கியது. அப்போது தபால் கட்டணம் ஏறவில்லை. அறிவித்த மதிப்பில் 50 சதவீத வரியை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. பிறகு அந்த விகிதம் மாறியிருக்கலாம், அனுப்பும் அன்று அண்ணா சாலை தபால் நிலையத்திலோ உங்கள் பகுதியிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், “எதை அனுப்பினாலும்” என்பதும் தப்பு. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் 100 டாலர் வரையிலான உண்மையான பரிசுக்கு அந்த விலக்கு தொடர்ந்தது. டி.நகரில் ஜிமிக்கி வாங்கி ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு அதையும் ‘பரிசு’ என்று எழுதச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அது பொய் அறிவிப்பு.

மலிவான பொருளுக்குக் கை கடிப்பது வேறு காரணத்தால். தபால் கட்டணம் எடையைப் பார்க்கும், விலையைப் பார்க்காது. எடை ஒன்றென்றால் 300 ரூபாய் ஜிமிக்கிக்கும் 3,000 ரூபாய் ஜிமிக்கிக்கும் அதே கட்டணம்தான். தனியார் கூரியரில் இன்னும் மோசம்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் கிலோ எடையையும் பார்த்து, அதிலும் உண்மையான எடையிலும் எது கூடவோ அதற்குக் காசு வாங்குவார்கள். முறுக்கு டப்பாவில் காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு!