'ஷோ அப்' என்டா பந்தா காட்டுறது இல்ல

மேல ஒரு தம்பி "ஷோ அப் என்டா பந்தா காட்டுறது, ஒப்பிஸ்ல யாரும் சொன்னா அது நக்கல்" என்டு போட்டிருக்கார், கீழ கனபேர் நன்றி வேற சொல்லியிருக்கீங்க, தயவுசெய்து அதை அப்படியே நம்பாதீங்க. பந்தா காட்டுறதுக்கு இருக்கிறது ஷோ ஆஃப். ஷோ அப் என்டா வர வேண்டிய இடத்துக்கு ஆள் வந்து சேர்றது. வெள்ளவத்தையில புதுசா வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு சூப்பர்வைசர் "யூ டிடன்ட் ஷோ அப் யெஸ்டடே" என்டு வாட்ஸ்அப் பண்ணினா, நேத்து நீ வரல்லயே என்டுதான் சொல்றார், அதை நக்கல் என்டு நினைச்சு பதில் போடாம இருந்தா பிரச்சினை பிள்ளைக்குத்தான். பிளைட், ஹோட்டல் புக் பண்ணிட்டுப் போகாட்டி "நோ ஷோ" என்டு போடுறாங்களே, அதுவும் வராத கணக்குத்தான்.

ஆனா நடுவுல ஒரு ஆளைப் போட்டா கதையே மாறிரும், இதைத்தான் நல்லா கவனிக்கணும். "ஹி ஷோட் அப்" என்டா அவன் வந்தான். "ஹி ஷோட் மீ அப்" என்டா எல்லாருக்கும் முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டான். ஒரு சின்ன 'மீ'தான், அர்த்தம் எங்கயோ போகுது.

மற்றது, இது பேச்சுக்கும் மெசேஜுக்கும் சரி, வேலைக்கு அப்ளை பண்ற லெட்டர்ல வேணாம், அங்க அட்டென்ட் போடுங்க, அதுக்குப் பின்னால 'டு' வராது. பேச்சுல ஷோ அப் பாவிக்கேக்க, மீட்டிங் என்டா "ஷோ அப் அட் த மீட்டிங்", வேலை என்டா "ஷோ அப் ஃபோர் வேர்க்". தம்பி, ஏலுமென்டா அந்தப் பதிவை எடிட் பண்ணி விடுங்க, ஏ எல் பிள்ளைகளும் இதைப் பார்க்கிறாங்க.