டியூடர் உடைகளைத் தேடுபவர்கள் லண்டனோடு நின்றுவிடக் கூடாது

16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்து எட்டாம் ஹென்றியும் முதலாம் எலிசபெத்தும் ஓவியங்களில் உடுத்தியிருக்கும் பகட்டைப் பார்த்தால், அந்த உடைகள் லண்டன் அருங்காட்சியகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கும் என்றுதான் தோன்றும். கிடையாது. அன்றைக்கு நல்ல துணி என்றால் சொத்து. உயிலில் எழுதி வைத்தார்கள், பணியாளர்களுக்குக் கொடுத்தார்கள், பிரித்து வேறு உடை தைத்தார்கள். கடைசியில் தங்க, வெள்ளி இழையை உருக்கிக் காசாக்கினார்கள். பழைய பட்டுச்சேலையை ஜரிகைக்காக எடைக்குப் போடுகிறோமே, அதே கதைதான்.

மிஞ்சியவை தப்பிப் பிழைத்த இடங்கள்தான் வேடிக்கை. இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் பேக்டன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்குள்ள தேவாலயத்தில் பலிபீட விரிப்பாக இருந்த பூவேலைத் துணியை 1909-ல் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நூறு வருடத்துக்கும் மேல் அப்படியே தொங்கியது. அப்புறம் அரண்மனைக் காப்பாட்சியர் எலெரி லின் வந்து பார்த்தால், வெள்ளி இழையோடிய பட்டு! பாவாடைக்காக வெட்டிய தடயமும் இருந்தது. எலிசபெத்தின் நெருங்கிய பணிப்பெண் பிளான்ச் பேரிக்கு அதுதான் சொந்த ஊர். அவர் 1590-ல் இறந்ததும் அவர் நினைவாக ராணியே அனுப்பியிருக்கலாம் என்பது ஒரு யூகம். 2019-ல் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைத்தார்கள்.

ராணி உடுத்தியதுதான் என்று எழுதிவைத்த ஆவணம் இல்லை. சூழ்நிலைச் சான்றுகள் வலுவானவை, நானும் நம்புகிறேன். ஆனால் செய்தித் தலைப்புகள் அந்த 'இருக்கலாம்' என்பதை விழுங்கிவிடுவதுதான் எரிச்சல். ஹாட்ஃபீல்டு மாளிகையில் இருக்கும் பட்டுக் காலுறைகளை எலிசபெத்துடையவை என்று 'சொல்லப்படுபவை' என்கிறார்கள் பாருங்கள், அது நேர்மை.

சரி, ராணியை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய புதையல் வேல்ஸ் எல்லையோரத்து மான்மத் ஊர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் ஒரு பழுப்புநிறக் கம்பளிக் குல்லாய். மாலுமிகளும் சிப்பாய்களும் போட்டது. ஆயிரக்கணக்கில் பின்னி விற்ற சரக்கில் தப்பியது அரிது, ஏனென்றால் அதைக் கிழியும்வரை போட்டுத் தூக்கி எறிந்தார்கள். ஏழைகளின் உடை வேண்டுமென்றால் போர்ட்ஸ்மத்துக்கும் போகவேண்டும். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே வந்த எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பலில் தோல் செருப்புகளும் தோல் மேற்சட்டைகளும் கம்பளியும் கிடைத்தன. லினன் மட்டும் மட்கிப்போனது. லினன் நூலால் தைத்தவை தையல் விட்டுத் துண்டு துண்டாக வந்தன.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் என்பதால் துணிகளை மாற்றி மாற்றித்தான் காட்சிக்கு வைப்பார்கள்.