எந்த 95 ஐயா?

பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். “விண்டோஸ் 95தான் சார், சிடி கையிலயே இருக்கு, போட்டா முடிஞ்சுது.” எந்த 95 என்று திருப்பிக் கேட்டால், வேலை தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் கடைக்கு அனுப்பியது ஒன்று. டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் முறைகளில் அதற்குத் தெரிந்தது ஃபேட்16 மட்டுமே. டிஸ்கில் பிரித்து வைக்கும் ஒரு பகுதி, அதாவது பார்ட்டிஷன், 2 ஜிபியைத் தாண்டாது. அந்த 2 ஜிபியிலும் ஒரு கிளஸ்டர், அதாவது ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு, 32 கேபி. நாலு வரிக் கடிதம் சேமித்தாலும் 32 கேபி போச்சு! 1996இல் ஓஎஸ்ஆர்2 என்ற திருத்திய பதிப்பு வந்தது. அதில் ஃபேட்32 என்ற புது முறை வந்ததால் 8 ஜிபி வரைக்கும் 4 கேபி கிளஸ்டர் போதும் என்றானது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டாமா? வைக்கவில்லை. அதுவும் 95தான். அதைத் தனியாகக் கடையில் விற்கவும் இல்லை, புதுக் கம்ப்யூட்டரோடுதான் வரும். முதல் 95ஐக் காசு கொடுத்து வாங்கியவனுக்குப் பட்டை நாமம்.

சரி, எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் 4.00.950 என்று இருக்கும். பின்னால் எழுத்தே இல்லையென்றால் முதலில் வந்தது. ‘ஏ’ இருந்தால் சில்லறைத் திருத்தங்கள். ‘பி’ என்றால் ஓஎஸ்ஆர்2. அதே ‘பி’ மெஷினில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டாஸ் ப்ராம்ப்டுக்குப் போய் ‘வெர்’ என்று அடித்துப் பாருங்கள், 4.00.1111 என்கிறது! ஒரே சிஸ்டத்துக்கு இரண்டு நாக்கு. அதோடு விட்டார்களா? யுஎஸ்பி சேர்த்து வந்த ஓஎஸ்ஆர் 2.1உம் ‘பி’ என்றுதான் காட்டும். ஆட்/ரிமூவ் ப்ரோக்ராம்ஸ் பட்டியலில் யுஎஸ்பி சப்ளிமெண்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று துழாவ வேண்டும். ‘சி’ வேறு ஒன்று இருக்கிறது, அதற்குள் போனால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

விண்டோஸ் 95க்கு முன்னால் இருந்த டாஸில் அந்த நாணயமாவது இருந்தது. 1994இல் ஸ்டாக் நிறுவனத்தோடு வழக்கில் மாட்டி, டிஸ்கில் உள்ளதை அமுக்கி இடம் மிச்சப்படுத்தும் டபுள்ஸ்பேஸை எடுத்தபோது 6.21 என்றார்கள், பதிலுக்கு டிரைவ்ஸ்பேஸ் போட்டபோது 6.22 என்றார்கள். எண்ணைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

இந்தக் குழப்பத்தில் அடி வாங்குவது டேட்டா. ஃபேட்32 டிஸ்க் உள்ள மெஷினில் முதல் 95இன் பூட் ஃபிளாப்பியை (கம்ப்யூட்டரைக் கிளப்பும் ஃபிளாப்பி) போட்டால் அதற்கு அந்த டிரைவே புரியாது. உடனே நம் ஆள் “ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு” என்று தீர்ப்புச் சொல்லி, டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் ப்ரோக்ராமைப் போட்டுப் பார்ட்டிஷனை அழித்து, ஃபார்மட்டும் அடித்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து “பழைய கணக்கெல்லாம் எடுத்துக் கொடுங்க சார்” என்று நிற்கிறார். எங்கிருந்து எடுப்பது?

இனிமேல் அந்த 950க்குப் பின்னால் என்ன எழுத்து என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். மெஷின் பூட்டே ஆகவில்லையா? கையில் இருக்கிற ஃபிளாப்பியில் பூட் செய்து எஃப்டிஸ்க் கொடுங்கள். ‘லார்ஜ் டிஸ்க் சப்போர்ட்’ வேண்டுமா என்று கேட்டால் அந்த ஃபிளாப்பிக்கு ஃபேட்32 தெரியும். கேட்காவிட்டால் அதை நம்பி டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எப்படியானாலும் எஸ்கேப் அடித்து வெளியே வந்துவிடுங்கள். தயவுசெய்து வேறெதையும் தொடாதீர்கள்.