ஏஜென்ட்டை நிறுத்தும் முன் ஒருமுறை மாடிப்படி ஏறிப் போங்கள்

போன வாரம் ஓசூரில் இருக்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். சேலையூரில் அவனுக்கு ஒரு ஃப்ளாட் இருக்கிறது. ஆள் பிடித்துக் குடிவைக்கவும், மாதாமாதம் வாடகை வசூலித்து அனுப்பவும் ஒரு ஏஜென்ட்டை வைத்திருந்தான். "அக்கா, அந்தாளை நிறுத்திட்டேன். வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டேன், முடிஞ்சுது" என்றான். குடியிருக்கிறவங்ககிட்ட சொன்னியா என்று கேட்டேன். "அதை அவரே சொல்லிடுவாருக்கா. அவங்க நம்பர்கூட என்கிட்ட இல்ல" என்றான்.

எனக்குத் திக்கென்றது. வெளியூரில் இருந்துகொண்டு சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மில் பலர் இதை நமக்கும் ஏஜென்ட்டுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலாக மட்டுமே பார்க்கிறோம். சரியாக இருந்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் நிறுத்திவிடுவோம். அந்த வீட்டுக்குள் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் குடும்பம் நம் நினைப்பிலேயே வருவதில்லை. ஏஜென்ட்டை நிறுத்துவதென்றால் முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். ஏஜென்ட்டிடம் அப்புறம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மேடவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டை 2011-ல் வாங்கினோம். 2016-ல் கணவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றலானது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒருவரை ஏஜென்ட்டாக வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஆள் கொண்டுவந்தால் ஒரு மாத வாடகை அவருக்கு. அதன்பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு, அசோசியேஷன் மெயின்டனன்ஸையும் கட்டிவிட்டு, மீதியை எனக்கு அனுப்புவார். 2019-ல் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. வாடகை 12,000, அட்வான்ஸ் 50,000 என்றார். 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கூரியரில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எழுதாத பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிற நான்தான் அதைச் செய்தேன்.

2022 ஆகஸ்டில் அசோசியேஷன் செக்ரட்டரி கூப்பிட்டார். பதினோரு மாத மெயின்டனன்ஸ் பாக்கி, மோட்டார் ரிப்பேர் பங்கும் வரவில்லை, நோட்டீஸ் போர்டில் உங்கள் வீட்டு நம்பரை எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினேன்.

கதவைத் திறந்த பெண் "யாரும்மா வேணும்?" என்று கேட்டாள். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் யார் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வருஷத்தில் அவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஓனர் என்றதும் அவள் முகம் மாறிப்போனது. காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் பாத்ரூமைக் காட்டினாள். மேல் வீட்டுக் குழாயிலிருந்து கசிந்து மேற்கூரைப் பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் பாதி வரை தண்ணீர். "ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான்மா இருக்கோம். ஓனரம்மா செலவு பண்ண மாட்டேங்கிறாங்க, கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னார்." என்னிடம் ஏஜென்ட் சொன்னது வேறு. தொல்லை பிடித்த பார்ட்டி, எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் பேசாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அவர்களுக்கு நான் கல்நெஞ்சக்காரி. எனக்கு அவர்கள் தொல்லை. அவர் பேச்சை நம்பித்தான் மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கிறோம்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மளிகைக் கடை காலண்டரின் பழைய தாள்கள் தொங்கின. மாதம் முடிந்ததும் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அவள் வாடகைக் கணக்கு எழுதி வைத்திருந்தாள். தேதி, தொகை, 'கையில்' அல்லது 'ஜிபே'. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. முதல் வருஷம் 13,500. அப்புறம் 15,000. எனக்கு 13,000 என்று கணக்குச் சொல்லப்பட்ட மாதத்தில் அவர்கள் 15,000 கொடுத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் 75,000. அவர்கள் கையில் இருந்த அக்ரிமென்ட்டிலும் அதே தொகைதான், கீழே என் கையெழுத்துதான்.

அந்த நிமிஷமே போனை எடுத்து ஏஜென்ட்டைக் கிழித்துவிட வேண்டும் போல இருந்தது. அவளுடைய கணவர்தான் தடுத்தார். "அம்மா, நீங்க இப்ப சண்டை போட்டுட்டு ஊருக்குப் போயிடுவீங்க. நாளைக்கு அவர் எங்க வாசல்லதான் வந்து நிப்பார். சாவி ஒண்ணு அவர்கிட்ட இருக்கு" என்றார். அதுவரை இப்படி ஒரு விஷயம் இருப்பதே எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க, நீங்கதான் ஓனர்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?" எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பார்த்த ஒரே ஆள் ஏஜென்ட். சாவி கொடுத்தவர் அவர், பணம் வாங்கியவர் அவர். திடீரென்று ஒரு அம்மா வந்து இனிமேல் என் கணக்கில் போடு என்றால் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? கிரையப் பத்திரத்தின் நகல், சொத்துவரி ரசீது, கரண்ட் பில்லில் இருக்கும் பெயர், என் ஆதார் எல்லாவற்றையும் டேபிளில் வைத்துக் காட்டினேன். பிறகு அங்கேயே ஒரு தாளில் எழுதினேன். இன்னாரை என் சார்பில் வாடகை வாங்க நியமித்திருந்தேன், இன்ன தேதியோடு அந்த அதிகாரம் முடிகிறது, அடுத்த மாதத்திலிருந்து இந்த வங்கிக் கணக்கில் போடவும், நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 75,000 முழுவதுக்கும் நானே பொறுப்பு. இரண்டு பிரதி. இரண்டிலும் அவர்களும் நானும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் வாசல் பூட்டை மாற்றினோம்.

அதற்குப் பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கடிதம். ஒரு மாத நோட்டீஸ் என்று முதலில் பேசியிருந்தோம், அதன்படியே கொடுத்தேன். ஒப்புகை அட்டையோடு ரெஜிஸ்டர்ட் போஸ்ட்டில் அனுப்பினேன். (2025-ல் ரெஜிஸ்டர்ட் போஸ்ட்டை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.) வரவு செலவுக் கணக்கு, சாவி, அவரிடம் இருக்கும் என் காகிதங்கள் எல்லாம் கேட்டு எழுதினேன்.

இந்த வரிசைக்குச் சட்டத்திலும் ஆதாரம் இருக்கிறது என்பதை வக்கீல் ஒருவர் பின்னால் காட்டினார். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 208-வது பிரிவு, ஏஜென்ட்டின் அதிகாரம் முடிந்தது என்பது ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியும்போதுதான் செல்லும், மூன்றாவது மனிதரைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது மனிதருக்குத் தெரியும்போதுதான் செல்லும் என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. மதராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பஞ்சை விற்கச் சொல்லி ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். அப்புறம் விற்க வேண்டாம் என்று இன்னொரு கடிதம். இரண்டாவது கடிதம் கிடைத்த பிறகும் ஏஜென்ட் பஞ்சை விற்று, பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் செல்லும் என்கிறது சட்டம். நஷ்டம் மதராஸ்காரருக்கு. பஞ்சு இருக்கும் இடத்தில் வாடகையை வைத்துப் பாருங்கள். நாம் ஏஜென்ட்டுக்கு மட்டும் மெசேஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், விஷயம் தெரியாமல் அடுத்த மாத வாடகையை அவர் கையில் கொடுக்கும் குடும்பத்தின் மேல் தப்பே இல்லை. அவர்களிடம் போய் மறுபடியும் கேட்க நமக்கு வாயில்லை.

அதே சட்டத்தின் 213-வது பிரிவுப்படி, நாம் கேட்டால் ஏஜென்ட் முறையான கணக்கைக் கொடுத்தாக வேண்டும். என் விஷயத்தில் முழுக் கணக்கு கடைசிவரை வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு பத்தாயிரம் ரூபாய் வந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கணவர் சொன்ன மாதிரியே, அடுத்த மாதம் மூன்றாம் தேதி ஏஜென்ட் வாசலில் வந்து நின்றிருக்கிறார். ஓனரம்மா வீட்டை விற்கப்போகிறார், வாடகையை என்னிடமே கொடுங்கள், இல்லையென்றால் அட்வான்ஸ் போய்விடும் என்று மிரட்டியிருக்கிறார். அவள் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து காட்டியிருக்கிறாள். படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் படியிறங்கிவிட்டார்.

அட்வான்ஸில் வித்தியாசம் 25,000. அதை நீ ஏன் தலையில் போட்டுக்கொள்கிறாய், உன் கைக்கு வந்ததே ஐம்பதுதானே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுத்தது நான். பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. மூன்று வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாதவள் நான். அந்தக் குடும்பம் என்ன தப்புச் செய்தது? சொன்ன தேதியில், சொன்ன தொகையைக் கொடுத்தது. ஏஜென்ட்டிடம் ஏமாந்த ஓனர் அந்த ஏமாற்றத்தைக் குடியிருப்பவர் தலையில் இறக்கி வைப்பது அநியாயம்.

இது என் வீட்டோடு நிற்கிற சின்ன விஷயமும் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் லீஸ் மோசடி பற்றிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. மோசடி ஏஜென்ட்கள் ஓனரிடம் மாத வாடகைக்கு என்று வீட்டை எடுத்து, குடிவருகிறவரிடம் லீஸ் என்று சொல்லி லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். சில மாதம் ஓனருக்கு வாடகை சரியாகப் போகும். திடீரென்று ஆள் காணாமல் போவார். வாடகை வரவில்லை, காலி பண்ணு என்பார் ஓனர். ஐந்து லட்சம் கொடுத்திருக்கிறேனே, எங்கே போவது என்பார் குடியிருப்பவர். ஓனரும் குடியிருப்பவரும் ஆரம்பத்திலேயே ஒருமுறை நேரில் பேசியிருந்தால் இந்த மோசடி முதல் நாளே உடைந்திருக்கும்.

எல்லா ஏஜென்ட்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் என் நாத்தனார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், குழாய் வாஷர் மாற்றினால்கூட பழைய வாஷரைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அப்படிப்பட்டவருக்கு மாதம் கொடுக்கிற பணம் நியாயமான கூலி. இன்னொரு பக்கமும் நடக்கிறது. ஏஜென்ட் அலைந்து ஆள் கொண்டுவந்ததும், கமிஷன் கொடுக்காமல் இருப்பதற்காகவே அவரைக் கழற்றிவிடும் ஓனர்கள் இருக்கிறார்கள். அதுவும் திருட்டுத்தான். ஒரு வருஷம் என்று பேசிவிட்டுத் தகுந்த காரணமில்லாமல் நடுவில் நிறுத்தினால் இழப்பீடு கேட்க அவருக்கு உரிமை உண்டு. நிறுத்துங்கள், ஆனால் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

நாங்கள் அப்புறம் புதிதாக அக்ரிமென்ட் போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிட்டோம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வாடகை 15,000 என்றால் 45,000. அதனால் 30,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். பாத்ரூம் மேற்கூரையை மேல் வீட்டுக்காரரோடு பேசிச் சரிசெய்ய 18,000 ஆனது. அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பொங்கலுக்கு போன் வருகிறது. மோட்டார் ஓடவில்லை என்றாலும் வருகிறது.

நேற்று ராத்திரி சித்தப்பா மகனைத் திரும்பக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிச் சேலையூர் போவதாகச் சொன்னான். சொத்துவரி ரசீதை மறக்காமல் எடுத்துக்கோ, கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதிக்கோ, அவர்கள் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேளு என்றேன்.