மிஸ், நீங்க எப்ப போவீங்க?

மாலத்தீவில் வேலை என்று சொன்னால் போதும், ஊரில் எல்லோர் கண்ணிலும் ஒரே படம்தான். நீலத் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, தேனிலவு ஜோடி, ஒரு ஊஞ்சல். போன விடுமுறைக்கு கோவில்பட்டி போயிருந்தபோது சித்தி மகன், "உனக்கென்னக்கா, தினமும் கடல்ல குளியல்தான்" என்றான். எனக்கு நீச்சலே தெரியாது. ஆறு வருடத்துக்கு மேல் இங்கே கணக்கு டீச்சராக இருக்கிறேன், ரிசார்ட்டுக்குள் கால் வைத்தது இரண்டே முறை, இரண்டு முறையும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனதுதான். மதியச் சாப்பாடு டப்பாவில் எடுத்துப் போனோம்.

இப்போது இதை எழுதக் காரணம் இன்பாக்ஸ். மாதத்துக்கு நான்கைந்து பேராவது, "அக்கா, நான் எம்எஸ்சி பிஎட், மாலத்தீவுக்கு வரலாமா, சம்பளம் எவ்வளவு, பாதுகாப்பா இருக்குமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. இனி இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். இந்த நாட்டில் தீவுகள் ஏறக்குறைய 1,200, அவற்றில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. நான் இருப்பது வடக்கே ஹா தாலு பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு தீவு. ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒரு முனையில் புறப்பட்டு நிதானமாக நடந்தால் இருபது நிமிடத்தில் அடுத்த முனை. தார் ரோடு கிடையாது, வெள்ளை மணல்தான். ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், நான்கு கடை, படகுத்துறை. அவ்வளவுதான் ஊர். சனிக்கிழமையோடு வாரவிடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடம். வெள்ளியும் சனியும்தான் இங்கே லீவு. வீட்டில் எல்லோரும் சாவகாசமாகப் பேசக் கூப்பிடும் ஞாயிறு காலையில் நான் வகுப்பில் இருப்பேன். கடிகாரத்தில் அரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனால் ஒரு வாரத்தில் சேர்ந்து கழிக்க முடிகிற நாள் சனிக்கிழமை ஒன்றே ஒன்று.

சம்பளத்தில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஊரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கியது 14,000 ரூபாய், அதிலும் மே மாதம் பாதிச் சம்பளம். வகுப்பில் 54 பிள்ளைகள். அட்மிஷன் நேரத்தில் வெயிலில் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கப் போகவேண்டும். இங்கே அதைப்போல ஐந்து மடங்கு வருகிறது, தங்க இடம் கொடுக்கிறார்கள், பத்தாம் வகுப்பில் எனக்கு 13 பேர். நான் கடல் தாண்டி வந்தது கடலுக்காக இல்லை என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஐந்து மடங்கு வருவது இந்த நாட்டுப் பணமான ரூஃபியாவில். ஊருக்கு அனுப்ப அதை டாலராக மாற்றவேண்டும். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அரசு விகிதம். அந்த விலைக்கு வங்கியில் டாலர் கேட்டால் அளந்துதான் தருவார்கள், மீதிக்கு வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கவேண்டும். ஏஜென்ட் சொல்லும் சம்பளக் கணக்கில் இது இருக்காது. ஏஜென்ட் என்றதும் இன்னொன்று: லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் கொடுத்து ஏமாறாதீர்கள், சுற்றுலா விசாவில் வந்து இறங்கிவிட்டு அப்புறம் வேலை அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். சான்றிதழ்களுக்கு முறையாக அட்டெஸ்டேஷன், அதாவது இவை உண்மையானவை என்ற அரசு முத்திரை, வாங்கிவிட்டு, இந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்து நேராக விண்ணப்பியுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் வந்திருக்கிறோம்.

சாப்பாடு பிரச்சினையா என்று கேட்கிறார்கள். தூத்துக்குடி ஜில்லாக்காரிக்கு மீன் பிரச்சினையா? நம் பக்கம் மாசிச் சம்பல் அரைப்போமே, அந்த மாசி இந்தத் தீவுகளின் சரக்குதான். சூரையை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்துக் கட்டை மாதிரி ஆக்குவார்கள், இங்கே ஹிகிமஸ் என்று பெயர். காலையில் ரொஷி என்கிற ரொட்டிக்கு மஸ்ஹுனி, அதாவது சூரை, தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசைந்தது. முதல் வாரமே பிடித்துப்போயிற்று. முருங்கைக்கு இங்கேயும் முரங்கா என்றுதான் பேர், கீரை பக்கத்து வீட்டில் சும்மா கிடைக்கும். படகுக்கு தோனி. பக்கத்து வீட்டு அம்மாவை தத்தா என்று கூப்பிடுகிறேன், அப்படியென்றால் அக்கா. போனில் இதைக் கேட்ட என் அம்மா, "எந்தத் தாத்தாடி அது?" என்று ஒரு மாதம் சந்தேகப்பட்டாள்.

காய்கறிதான் கஷ்டம். பெரும்பாலும் எல்லாம் கப்பலில் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துக்கொண்டால் சரக்குத் தோணி ஒரு வாரம் தள்ளிப்போகும், அந்த வாரம் முட்டை, வெங்காயம், டின் மீன். குடிக்க மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பார்கள், குளிக்கிற தண்ணீர் சில மாதம் லேசாக நாறும். முடி கொட்டும். எல்லோருக்கும் கொட்டும், பயப்படாதீர்கள்.

சாமி படம், சிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். வழிபாட்டுச் சிலை கொண்டுவர இங்கே தடை, வேற்று மதத்தவர் பொது இடத்தில் வழிபடவும் முடியாது. எனக்குத் தை பொங்கல் குக்கரில் பொங்கும், வாட்ஸ்அப்பில் அம்மா காட்டும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வேன். இது ஒத்துவராது என்பவர்கள் வரவேண்டாம், அதில் தப்பில்லை. வந்துவிட்டுப் புலம்புவதுதான் தப்பு.

2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் வாய்ச்சண்டை மூண்டு, ஊரில் எல்லோரும் மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று போஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார்களே, அப்போது எங்கள் குடும்பக் குழுவில் மாமா ஒருவர் எனக்கு டிக்கெட் போடவே தயாராகிவிட்டார். அந்த வாரமும் தத்தா வழக்கம்போல மாலையில் ஒரு தட்டில் ஹெதிகா, நம் பஜ்ஜி வடை மாதிரி, மூடி எடுத்து வந்தாள். அரசியல் பேசவில்லை. தன் மகளுக்கு அல்ஜீப்ரா வரவில்லை என்பதுதான் அவள் கவலை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ், எல்லாம் ஆங்கில வழி, இந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் மட்டும் திவேஹியில். புத்தகக் கணக்கில் ரயில் வரும். இந்தப் பிள்ளைகளில் ரயிலைப் பார்த்தவர் யாரும் இல்லை. மலையுச்சியிலிருந்து பார்க்கும்போது ஏற்றக்கோணம் இறக்கக்கோணம் என்று வரும். நாட்டிலேயே இயற்கையான உயரமான இடம் இரண்டரை மீட்டர்கூட இல்லை, எந்த மலையைக் காட்டுவது? செல்போன் கோபுரத்தடியில் கூட்டிக்கொண்டு போய், நிழலை அளந்து, கோணமானியை வைத்து டேன் தீட்டாவை நடத்தினேன். ஆனால் திசைக்கோணம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் நான்தான் மாணவி. வடக்கிலிருந்து 135 டிகிரி என்று நான் போர்டில் வரைந்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்சுப் பையன், "மிஸ், அது எங்க அப்பா மீன்பிடிக்கப் போற பக்கம்" என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினான். சரியாகத்தான் இருந்தது. ஊரில் இதே பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன், எனக்கே வடக்கு எது என்று தெரியாமல்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கணக்கு டீச்சர்களுக்கு மட்டுமாவது பிடிக்கும். திவேஹியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடம் போகும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்தும் வந்தவை. எண்களை வைத்து எழுத்து செய்துகொண்டவர்களின் பிள்ளைகள்தான் எக்ஸ், ஒய் வந்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று அடிக்கடி கிண்டல் செய்வேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 2018 ஜனவரியில் முதன்முதலாக வேறொரு தீவில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாள் பெயர் சொல்லி அறிமுகம் முடிந்ததும், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கையைத் தூக்கிக் கேட்ட முதல் கேள்வி: "மிஸ், நீங்க எப்ப போவீங்க?" திமிராகக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் விசாரித்தால், அந்த வகுப்புக்கு மூன்று வருடத்தில் நான் ஐந்தாவது கணக்கு டீச்சராம். ஒருவர் ஒரே டெர்மில் கிளம்பிவிட்டார், ஒருவருக்கு வேறு நாட்டில் நல்ல சம்பளம், ஒருவருக்குக் கல்யாணம். ஒவ்வொருவர் போனபிறகும் அடுத்த ஆள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை யார் சும்மா இருக்கிறாரோ அவர் கணக்கு எடுப்பார். வருடத்துக்கு ஒரு உச்சரிப்பு, வருடத்துக்கு ஒரு வகுத்தல் முறை. அவள் கேட்டது நம்மிடம் பஸ் டைம் கேட்பது மாதிரி.

நான் மூன்று வருடம் இருப்பேன், உன்னைப் பத்தாவது எழுத வைத்துவிட்டுத்தான் போவேன் என்று அவளிடம் சொன்னேன்.

2020 வந்தது. மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மகன் சின்னவன், விமானம் இல்லை. ஜூன் 5-ஆம் தேதி மாலேயிலிருந்து நம் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் 700 பேரை ஏற்றிக்கொண்டு 7-ஆம் தேதி தூத்துக்குடியில் இறக்கிவிட்டது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதில் நானும் ஒருத்தி. துறைமுகத்தில் இறங்கி, காய்ச்சல் பரிசோதனை முடிந்து, பஸ்ஸில் உட்கார்ந்து போனை ஆன் செய்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி. "மிஸ், ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா? சந்தோஷம்." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. உலகமே ஓடிக்கொண்டிருந்த நேரம், பெற்ற பிள்ளை அங்கே இருக்கும்போது வேறென்ன செய்வாய் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். 2021 கடைசியில் திரும்பி வந்தபோது அந்தத் தீவில் இடமில்லை, இந்தத் தீவைக் கொடுத்தார்கள். இங்கேயும் முதல் நாள் அதே கேள்வி வந்தது. இந்த முறை வருடக் கணக்கு எதையும் சொல்லவில்லை, புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

அதனால்தான் வரலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்கும் ஒரே கேள்வி, எத்தனை வருடத்துக்கு என்பது. "ஒரு வருஷம் பார்த்துட்டு, செட் ஆகலன்னா துபாய் ட்ரை பண்ணலாம்னு இருக்கேன்க்கா" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி, உங்களுக்கு நேராகவே சொல்கிறேன், வரவேண்டாம். ஒன்பது, பத்து இரண்டும் சேர்ந்துதான் ஒரு பேட்ச். அந்த இரண்டு வருடம் உங்களால் இருக்க முடியுமென்றால் வாருங்கள், நானே விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருகிறேன். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் இருக்கிறது, சட்டப்படி யாரும் எப்போதும் போகலாம், உங்கள் உரிமை. ஆனால் நாம் நம் ஊரில் வருடத்தில் மூன்று டீச்சர் மாறினால் பள்ளி வாசலில் போய் நின்று சத்தம் போடுகிறோமே, இங்கே இருப்பதும் பிள்ளைகள்தானே. அமைச்சகம் உள்ளூர் ஆசிரியர்களை இன்னும் உருவாக்க வேண்டும், ஒப்பந்தத்தை நீளமாகப் போட வேண்டும், டாலர் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும்.

இதைச் சொல்வதால் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். என் மேஜையில் இப்போது புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் கிடக்கிறது. மகன் இந்த ஜூனில் பிளஸ் டூ போகிறான். "அம்மா, கடைசி வருஷமாவது கூட இரேன்" என்று போன சனிக்கிழமை சொன்னான், அவன் இப்படியெல்லாம் கேட்கிறவன் இல்லை. இங்கே என் ஒன்பதாம் வகுப்பு பத்துக்குப் போகிறது. தத்தாவின் மகள் அதில்தான் இருக்கிறாள், அல்ஜீப்ரா இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. நேற்று அவள் வீட்டுப்பாட நோட்டைக் கொடுத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை மிஸ் என்று போய்விட்டாள். இந்த அளவு தீவில் ஒப்பந்தம் முடியும் தேதி எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

சரக்குத் தோணி வந்துவிட்டதாம், எட்டு நாளைக்கு அப்புறம். சின்ன வெங்காயம் தீர்வதற்குள் துறைக்கு ஓடவேண்டும். அட்டெஸ்டேஷன் பற்றிக் கேட்டவர்களுக்கு ராத்திரி பதில் போடுகிறேன்.