எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பாத தளபதி

1940 பிரிட்டன் வான்போர் பற்றிப் பேச்சு வந்தால் சர்ச்சில் பெயர் வரும், ஸ்பிட்ஃபயர் விமானம் வரும். ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நின்ற தளபதி கீத் பார்க் பெயர் மட்டும் வராது. பல வருடங்களாக எனக்கு இது ஒரு மனத்தாங்கல்.

நியூசிலாந்துக்காரர். முதல் உலகப் போருக்கு முன் கப்பலில் வேலை பார்த்தவர். பீரங்கிப் படையில் சேர்ந்து கலிப்போலியில் சண்டையிட்டார். 1916இல் சோம் போர்க்களத்தில் குண்டு வெடித்துக் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். இனிக் குதிரையேறத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அப்புறம்தான் விமானப் படைக்குப் போனார்!

1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்விமானப் படையின் 11ஆம் குரூப் அவர் பொறுப்பில் வந்தது. லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காக்க வேண்டிய படை அது. பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் விமானத் தளங்கள் ஆங்கிலக் கால்வாய்க்கு எதிர்க்கரைக்கே வந்துவிட்டன. ரேடாரில் எதிரி தெரிந்த பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள். விமானங்கள் உயரம் ஏறுவதற்கே அதில் பெரும்பங்கு போய்விடும். இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் ஏற்றினால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் எரிபொருள் தீரும். எல்லாம் தரையில் நிற்கும்போது அடுத்த அலை வந்தால் கதை முடிந்தது. அதனால் ஒன்று, இரண்டு ஸ்குவாட்ரன்களாகவே, அதாவது சிறு விமான அணிகளாகவே அனுப்பினார். எதிரியைக் குண்டு போடுவதற்கு முன்பே கலைத்துவிட வேண்டும், தன் படை நாளைக்கும் உயிரோடு இருக்க வேண்டும். அவர் கணக்கு இதுதான்.

வடக்கே 12ஆம் குரூப் தளபதி லீ மல்லரி வேறு மாதிரி நினைத்தார். பல ஸ்குவாட்ரன்களை வானில் ஒன்றுசேர்த்துப் பெரும்படையாகத் தாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுசேரவே நேரம் போகும். அதற்குள் பார்க்கின் தளங்கள் மீது குண்டு விழுந்துவிடும். என் மனசு முழுக்க பார்க் பக்கம்தான்.

செப்டம்பர் 15 அன்று சர்ச்சில் அக்ஸ்பிரிட்ஜில் பார்க்கின் நிலத்தடிக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில், கையிருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பார்க். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செலவழித்த மனிதர், அன்று எல்லாவற்றையும் மேலே அனுப்பியிருந்தார். எப்போது பிடித்துவைப்பது, எப்போது களத்தில் இறக்குவது என்று தெரிந்திருந்ததே, அதுதான் தளபதி.

சரி, ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது? அக்டோபரில் விமானத் துறைக் கூட்டத்தில் அவருடைய முறையைக் கேள்வி கேட்டார்கள். டிசம்பரில் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் நாற்காலியில் லீ மல்லரியையே உட்காரவைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1942 ஜூலையில் அவரை மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கு அனுப்பினார்கள். எதிரி தீவை நெருங்கும் முன்பே கடல் மேலேயே மறிக்கச் சொன்னார். சில வாரங்களிலேயே பகல் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. அதற்குள் அங்கே ஸ்பிட்ஃபயர்களும் ஓரளவு சேர்ந்திருந்தன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்ற தெளிவு அவருடையது.

தனி ஒரு மனிதர் பிரிட்டன் வான்போரை வென்றார் என்றால் அது பார்க்தான் என்று 1947இல் விமானப் படைத் தலைவர் டெடரே சொன்னார். ஆனாலும் லண்டன் வாட்டர்லூ பிளேஸில் அவருக்கு நிரந்தரச் சிலை வைக்க 2010 ஆகிவிட்டது. அவர் இறந்தது 1975இல்.

போர் நடந்த நாட்களில் தன் ஹரிக்கேன் போர்விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு தளம் தளமாகப் போய் விமானிகளைப் பார்த்தவர் அவர். சிலையிலும் விமானி உடுப்பில்தான் நிற்கிறார், கையுறையை மாட்டிக்கொண்டு.